தூக்கம் பார்த்தீர்களா? மலிவு டார்ச் பேட்டரிக் கட்டையை மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு

விடிகாலையில் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஆட்களுக்கு டார்ச் இல்லாமல் வேலை ஆகாது. மழை, பனி, கரண்ட் இல்லாத லயம் (தொழிலாளர் தங்குகிற வரிசை வீடு), அப்புறம் காட்டுப்பன்றி. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள்ளேயே நடந்து வந்த பிறகு, எங்கள் தெருவில் தோட்டமே இல்லாதவர்கள்கூட ஆளுக்கொன்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்து மூணு கட்டை, அஞ்சு கட்டை பேட்டரி லைட் இப்போது குறைந்துவிட்டது. சார்ஜ் ஏற்றுகிற லித்தியம் கட்டைதான் எங்கும். அதில் அதிகம் புழங்குவது 18650. இது மாடல் நம்பர் இல்லை, அளவு: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவம் என்பதற்கு.

போன மழைக்காலத்தில் தோட்டத்து ஆட்களுக்கென்று இந்தக் கட்டையை ஆன்லைனில் மொத்தமாக 20 வாங்கினேன். 1,100 ரூபாய். உறையில் 9900 எம்ஏஹெச் (கட்டை எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) என்று பெரிதாக அச்சடித்திருந்தது. ஒன்றும் 40 நிமிஷம் தாண்டவில்லை. ஒன்று சார்ஜரிலேயே கையைச் சுடுகிற அளவு சூடாகி, மேல் உறை சுருங்கிவிட்டது. கட்டப்பனையில் ஒரு ரிப்பேர் கடைச் சேட்டனிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். "தூக்கம் நோக்கியோ?"

நான் முழித்தேன். மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை. ஏலக்காய் வியாபாரத்தில் அந்த வார்த்தை நாள் முழுக்கக் காதில் விழத்தான் செய்கிறது, ஆனால் ராத்திரி பூரா டார்ச்சோடு அல்லாடியவனுக்கு வேறு தூக்கம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் என்று லிட்டர் எடை பார்க்காமல் ஏலக்காய்க்கு விலை பேச மாட்டோம், கட்டைக்கு மட்டும் உறையில் இருந்த எண்ணை அப்படியே நம்பியிருக்கிறேன். சரி, அன்றைக்கு அவர் காட்டிக்கொடுத்ததையும் பிறகு நானே பட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஆர்டர் போடும் முன்

முதலில் எம்ஏஹெச் எண்ணைப் பாருங்கள். 18650 அளவில் பெரிய கம்பெனிகளின் நல்ல கட்டை பொதுவாக 2500-லிருந்து 3500 எம்ஏஹெச் வரைதான். அந்தச் சின்னக் குழாய்க்குள் அதற்கு மேல் அடைக்க இடம் போதாது. 5000, 6800, 9900 என்று போட்டிருந்தால் அது பொய், அதோடு அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அடுத்தது விலை. புற்றடி ஏலக்காய் ஏலத்தில் போகிற விலையில் கால்வாசிக்கு ஒருவன் காய் தருகிறேன் என்றால் மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமல் வாங்குவீர்களா? நல்ல கட்டை ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். 55 ரூபாய்க்கு வருவது வேறு ஏதோ.

இந்தியாவில் இந்த வகை செல்களுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் கட்டையிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். அந்த ஆர் எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் அடித்தால் யாருடையது என்று வரும். படத்தில் எண் தெரியவில்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 18650 கட்டைகள் பெரும்பாலும் லேப்டாப், பவர் டூல் மாதிரியான பேட்டரி பேக்குகளுக்குள் வைப்பதற்கென்று செய்யப்படுபவை. அங்கே காவலுக்கு ஒரு சர்க்யூட் இருக்கும். தனியாக விற்கிற கட்டையில் பலவற்றுக்கு அந்தக் காவல் கிடையாது. 2021-ல் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இப்படித் தனியாக விற்கிற 18650-ஐ வாங்க வேண்டாம் என்றே எச்சரித்தது. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் என்றால், கட்டையும் சார்ஜிங்கும் உள்ளேயே இருக்கிற முழு டார்ச்சாக ஒரு நல்ல கம்பெனியில் வாங்குவதுதான் என் யோசனை. தனிக்கட்டைதான் வேண்டும் என்கிறவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

2. பார்சல் வந்ததும் தராசு

சார்ஜரில் போடாதீர்கள், முதலில் நிறுங்கள். ஏலக்காய் சாம்பிள் நிறுத்துப் பார்க்கிற சின்ன டிஜிட்டல் தராசு நம் பக்கம் பல வீட்டில் இருக்கும். நல்ல 18650 ஏறக்குறைய 45-லிருந்து 50 கிராம் இருக்கும். என்னுடையவை 31, 33, 29. ஒரே பெட்டியில் மூன்று எடை! போலிகளில் உள்ளே வேறு சின்ன செல்லை வைத்து மிச்ச இடத்தைப் பொடியால் நிரப்புவது உண்டு. ஆனால் அதைப் பார்க்கிறேன் என்று அறுத்துப் பிரிக்காதீர்கள். உள்ளே ஷார்ட் ஆனால் கையிலேயே பற்றும்.

எடை சரியாக இருந்தாலும் முழுக்க நம்ப முடியாது. பழைய லேப்டாப் பேக்குகளிலிருந்து உருவிய கட்டைக்குப் புது உறை மாட்டி விற்கிறார்கள். அது அசல் செல்தான், அதனால் எடை இருக்கும், உயிர்தான் இருக்காது. இரு முனைகளிலும் வெல்டிங் புள்ளித் தழும்பு, கீறல், துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

3. மல்டிமீட்டர்

வோல்ட் அளக்கிற இந்தக் கருவி எலக்ட்ரீஷியன் எவரிடமும் இருக்கும், சொந்தமாக வாங்கினாலும் பெரிய செலவில்லை. டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு ஊசியைக் கட்டையின் பிளஸ் முனையிலும் கறுப்பை அடியிலும் தொடுங்கள். புதுக்கட்டை வழக்கமாக அரைகுறை சார்ஜோடு, 3.4-லிருந்து 3.7 வோல்ட் போல வரும். 2.5-க்குக் கீழே காட்டினால் அதை எழுப்பப் பார்க்காதீர்கள். அளவுக்கு மீறிக் கீழே இறங்கிய கட்டைக்குள் இருக்கிற செப்புத் தகடு கரைய ஆரம்பித்திருக்கலாம், மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் உண்டாக்கலாம். அன்றைக்கே வெடிக்கும் என்றில்லை, பத்தாவது சார்ஜில் நீங்கள் அசந்து தூங்கும்போதும் நடக்கலாம்.

4. முதல் சார்ஜ்

சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரையில், பக்கத்தில் சாக்கு, துணி, விறகு எதுவும் இல்லாமல், நீங்கள் முழித்திருக்கும்போது. லயத்தில் ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கிற பழக்கத்தை எங்கள் ஆட்களிடம் மாற்றத்தான் எனக்கு அதிக நாள் ஆனது.

கட்டையைவிட அதோடு இலவசமாக வருகிற சார்ஜர்தான் சில நேரம் பெரிய எமன். முழு சார்ஜ் என்பது 4.2 வோல்ட், அங்கே சார்ஜர் தானாக நிறுத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் கட்டையை எடுத்து அளந்து பாருங்கள். 4.25-ஐத் தாண்டியிருந்தால் அந்த சார்ஜரை இனி தொடாதீர்கள். வெதுவெதுப்பு சகஜம், கையில் பிடிக்க முடியாத சூடு சகஜமில்லை.

5. எவ்வளவு நேரம் எரிகிறது

கணக்கு எளிது. 3000 எம்ஏஹெச் கட்டை, 1 ஆம்பியர் இழுக்கிற டார்ச்சில் சுமார் 3 மணி நேரம் எரிய வேண்டும். என்னுடையது 40 நிமிஷம், அப்படியென்றால் 700 எம்ஏஹெச் தேறாது, 9900-ல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நன்றாகத் தெரிந்த ஒரு கட்டையையும் புதுக்கட்டையையும் ஒரே டார்ச்சில் மாற்றி மாற்றிப் போட்டு, செல்போனில் நேரம் பார்த்தாலே போதும். அப்புறம் முழு சார்ஜ் ஏற்றி ஒரு வாரம் சும்மா வைத்து மறுபடி அளங்கள். 4.1-க்குக் கீழே போயிருந்தால் உள்ளே மின்கசிவு இருக்கிறது என்று அர்த்தம், ஒதுக்கிவிடுங்கள்.

6. தேறிய கட்டையைப் புழங்குவது

இரண்டு கட்டை ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற நீள டார்ச்சில் பழசும் புதுசும் கலக்கவே கூடாது. பலவீனமானது முதலில் காலியாகும், மற்றது அதைத் தலைகீழாகத் தள்ளும், அப்போது கொதித்து வாயு கக்கும். தண்ணீர் புகாத அலுமினிய டார்ச்சில் அந்த வாயு வெளியேற வழியில்லாததால் டார்ச்சே குழாய் வெடியாகிவிடும். ஜோடி ஜோடியாக மார்க்கரில் எண் போட்டு, சேர்த்தே சார்ஜ் ஏற்றி, சேர்த்தே போடுங்கள்.

சட்டைப்பையில் சில்லறை, சாவியோடு கட்டையைப் போட வேண்டாம். வெயிலில் நிற்கிற ஜீப்பின் டேஷ்போர்டிலும், காய் உலர்த்துகிற ஸ்டோர் அறையிலும் வைக்க வேண்டாம். (காய் காய்வதற்கு இதமான சூடு கட்டைக்கு இதமில்லை.)

சீறல் சத்தம், புகை, இனிப்பு மாதிரி ஒரு கெமிக்கல் வாடை வந்தால் திறந்து பார்க்காமல் வெட்டவெளியில் எறிந்துவிட்டு விலகுங்கள். அந்தப் புகை விஷம். நெருங்காமல் தூரத்திலிருந்து தண்ணீரை நிறைய ஊற்றிக் குளிரவைக்கலாம்.

பென்சில் கட்டை (ஏஏ அளவு) மொத்தமாக வாங்குகிறவர்களுக்கும் தராசு உதவும். அல்கலைன் சுமார் 23 கிராம், சாதா கார்பன் ஜிங்க் அதைவிட நன்றாகவே இலேசு. அல்கலைன் என்று எழுதி 16 கிராம் இருந்தால் ஏமாற்று. இவை லித்தியம் மாதிரிப் பற்றி எரிவதில்லை, பெரும்பாலும் கசிந்து டார்ச்சின் ஸ்பிரிங்கை அரிக்கும்.

7. தேறாததை என்ன செய்வது

முதலில் பணம். தராசில் கட்டை இருக்கிற போட்டோ, மீட்டர் போட்டோ இரண்டையும் வைத்துத் திருப்பி அனுப்பக் கேளுங்கள். எனக்குப் பாதிப் பணம் வந்தது, மிச்சத்துக்கு "டெலிவரி ஆகி நாளாகிவிட்டது" என்று பதில். அப்படி இழுத்தடித்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பார்சல் வந்த அன்றே நிறுத்திருந்தால் எனக்கு இந்த அலைச்சலே இல்லை.

கட்டைகளைக் குப்பையிலோ சருகு எரிக்கிற குழியிலோ போடாதீர்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி, தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும்தான் பழைய பேட்டரி திரும்பச் சேகரிக்கப்படுவதற்குப் பொறுப்பு. இரு முனையிலும் டேப் ஒட்டி, பழைய பேட்டரி வாங்குகிற இடத்தில் கொடுங்கள். என்னிடம் இருந்த 20-ல் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டி, மணல் போட்ட பழைய மண்சட்டியில் திண்ணை ஓரமாக வைத்திருக்கிறேன். அடுத்த தடவை கட்டப்பனை போகும்போது சேட்டன் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.