மைக் ஒப்பிடுகிறீர்களா? முதலில் சத்த அளவைச் சமப்படுத்துங்கள்

பாடல் பதிய நொய்மான் யூ87 நல்லதா, டிஎல்எம் 103 போதுமா என்று திருகோணமலையில் பாடுகிற தம்பிமார் அடிக்கடி கேட்பார்கள். இரண்டையும் மாறிமாறிக் கேட்டவுடன் முடிவெடுக்க வேண்டாம். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கிற மைக்கே காதுக்கு நல்ல மைக்காகத் தோன்றும். நானும் அப்படி ஏமாந்தவன்தான்.

ஒரே அறையில், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரே பல்லவியை இரண்டிலும் பாடிப் பதியுங்கள். அப்புறம் இரண்டு பதிவின் சத்த அளவையும் சமப்படுத்தி, எது எந்த மைக் என்று சொல்லாமல் போட்டுக்காட்ட இன்னொருவரிடம் கொடுங்கள். 'ச', 'ஸ' வரும் இடங்களில் காது இருக்கட்டும். டிஎல்எம் 103 சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கூரிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். கூர்மையான குரலென்றால் சீறும். அப்படிப்பட்ட குரலுக்கு ஏகேஜி சி414 எக்ஸ்எல்எஸ்ஸையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம், அது நிதானமானது.

டிஎல்எம் 103இன் சொந்த இரைச்சல், அதாவது மைக் தானே எழுப்பும் சத்தம், வெறும் 7 டெசிபல். ஆனால் ஃபேன் சுழல, வெளியே காகம் கத்த, ஓட்டோ போக, அந்த 7க்கு என்ன மதிப்பு? உப்புவெளிப் பக்கம் வீட்டு அறையில் பதிகிறவருக்கு சுற்றுச் சத்தத்தை அவ்வளவாகக் காட்டாத, ஷூர் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக்கே மேல். மைக்கின் மெல்லிய ஒலியை 60 டெசிபல் அளவுக்குச் சுத்தமாகக் கூட்டித் தரும் ப்ரீஆம்ப் என்ற கருவி மட்டும் வேண்டும்.

யூ87, டிஎல்எம் 103 போன்ற கொண்டென்சர் மைக்தான் வேண்டுமென்றால், சரி, பதிந்து முடிந்ததும் சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் மூடி வையுங்கள். கடற்கரை ஈரம் ஏறினால் மைக்கில் பொரிகிற மாதிரிச் சத்தம் வரத் தொடங்கும்.