கையெழுத்துப் போடுவதற்கு முன்: முற்றிய இதயச் செயலிழப்பும் மருத்துவ ஆய்வும்

ஆரணியிலிருந்து வந்த ஒரு பட்டு நெசவாளர். வயது 57. இதயச் செயலிழப்பு, அதாவது உடம்புக்குப் போதுமான ரத்தத்தை இதயம் இறைக்க முடியாத நோய். எக்கோவில் இதயம் இறைக்கும் அளவு 20 சதவீதம். அந்த ஓராண்டில் மட்டும் நான்கு முறை மூச்சுத் திணறலோடு சேர்க்கப்பட்டிருந்தார். புதிய மாத்திரை ஒன்றைச் சோதிக்கும் ஆய்வில் சேர விருப்பமா என்று மருத்துவர் கேட்டிருந்தார். யாருக்குப் புது மருந்து, யாருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். 16 பக்க ஒப்புதல் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய மனைவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் அருகில் போனதும் கேட்டார்: "சிஸ்டர், குலுக்கலில் இவருக்கு வெறும் மாவு மாத்திரை விழுந்துவிட்டால் என்ன செய்வது?"

நான் செவிலியர். சென்னையில் ஒரு மருத்துவமனையின் இதயப் பிரிவில் 14 ஆண்டுகள் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தேன். படிவத்தை விளக்குவது, மாத்திரைகளை எண்ணுவது, ஊருக்குப் போனவர்களுக்குத் தொலைபேசியில் பேசுவது எல்லாம் என் வேலை. அந்த அம்மாவின் கேள்விக்கு அன்று நின்றுகொண்டே பதில் சொல்லியிருக்க முடியும். சொல்லாமல், படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னேன். எடுத்துப் போனபின் எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொன்னதைத்தான், இன்னும் கொஞ்சம் விரிவாக, இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாள்

ஆய்வுப் படிவத்தைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். கடந்த 12 மாதங்களில் எத்தனை முறை சேர்க்கப்பட்டார், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, இரவில் எத்தனை தலையணை, உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் தண்ணீர் மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போகிறதா, ரத்த அழுத்தம் இறங்குவதாலோ சிறுநீரகம் தாங்காததாலோ எந்த மாத்திரையாவது நிறுத்தப்பட்டதா என்று எழுதுங்கள். மருந்தை முழுமையாகக் கொடுத்தும் இவையெல்லாம் தொடர்ந்தால்தான் மருத்துவர்கள் 'முற்றிய நிலை' என்கிறார்கள். எக்கோ எண் மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. 20 சதவீதத்தோடு சைக்கிளில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதே தாளில் நான்கு மருந்துகளைத் தேடுங்கள். எனாலப்ரில் வகை அல்லது சாக்குபிட்ரில்-வால்சார்டன் ஒன்று. கார்வெடிலால், மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பான் ஒன்று. ஸ்பைரனோலாக்டோன் அல்லது அதன் உறவு மருந்து ஒன்று. டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் ஒன்று. இறைக்கும் திறன் குறைந்த இதயத்துக்கு இன்று இந்த நான்கும்தான் அடிப்படை. ஏதாவது விடுபட்டிருந்தால் ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள். சரியான காரணம் இருக்கலாம். காரணமே இல்லாமல் விடுபட்டிருந்தால் அதைச் சரிசெய்வது முதல் வேலை, ஆய்வு அதற்குப் பிறகு. சான்று உள்ள மருந்து சீட்டில் இல்லாதபோது சான்று தேடும் மருந்தின் பின்னால் போகக்கூடாது என்பதில் நான் என்றைக்கும் பிடிவாதமாக இருந்திருக்கிறேன்.

எதை எண்ணினார்கள்?

படிவத்தில் 'முதன்மை முடிவு' என்று ஒரு வரி இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் படிவத்தின் உயிர். ஆய்வு கடைசியில் எதை எண்ணப் போகிறது என்பதை அது சொல்கிறது. உயிரிழப்பையா, மருத்துவமனைச் சேர்க்கையையா, ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தார் என்பதையா, ரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவையா?

இது ஏன் முக்கியம் என்பதற்கு மில்ரினோன் கதை போதும். இதயத்தை வலுவாகச் சுருங்கவைக்கும் மருந்து அது. தளர்ந்த இதயத்தை முடுக்கினால் நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். மாத்திரையாக அதைக் கொடுத்து 1,088 நோயாளிகளிடம் நடந்த பிராமிஸ் ஆய்வின் முடிவு 1991-இல் வெளிவந்தது. மில்ரினோன் எடுத்தவர்களிடையே உயிரிழப்பு 28 சதவீதம் அதிகமாக இருந்தது. நோய் மிக முற்றியவர்களுக்குத்தான் தீங்கும் மிக அதிகம். இதயத்தின் விசையை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தியிருந்தால் இது வெளிவந்தே இருக்காது. வெற்று மாத்திரை எடுத்த குழு ஒன்று பக்கத்தில் இருந்ததால்தான் உண்மை தெரிந்தது.

இதற்கு நேர்மாறானது எனாலப்ரில். ஃபின்லாந்து, நார்வே, சுவீடன் மூன்று நாடுகளிலும் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கிய 253 பேரிடம் நடந்த கன்சென்சஸ் ஆய்வு, 1987-இல் வெளியானது. ஆறு மாதத்தில் வெற்று மாத்திரைக் குழுவில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள், எனாலப்ரில் குழுவில் 26 சதவீதம். இன்று சில ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த மாத்திரை, அந்த 253 பேர் போட்ட கையெழுத்தால் நமக்கு வந்தது.

யாரிடம் சோதித்தார்கள்?

"இந்த மருந்து ஏற்கெனவே வென்ற மருந்து" என்று யாராவது சொன்னால், யாரிடம் வென்றது என்று கேளுங்கள். சாக்குபிட்ரில்-வால்சார்டனை நிலைநிறுத்திய பாரடைம் ஆய்வில் (2014) எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் இரண்டாம் நிலையில் இருந்தவர்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குபவர்கள். பிறகு முற்றிய நோயாளிகள் 335 பேரை மட்டும் எடுத்து லைஃப் என்ற ஆய்வை நடத்தினார்கள். அங்கே அந்த மருந்து, வால்சார்டனைத் தனியாகக் கொடுப்பதைவிட இதயச் சுமையைக் காட்டும் ரத்தப் புரதத்தை அதிகமாகக் குறைக்கவில்லை. பலருக்கு மருந்தைத் தாங்குவதே கடினமாக இருந்தது. மாடிப்படியில் நிற்பவருக்குப் பொருந்தியது கட்டிலில் கிடப்பவருக்கும் பொருந்தும் என்று நாமாக முடிவு செய்ய முடியாது.

வயதையும் பாருங்கள். இந்தியா முழுவதும் 53 மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதிந்த தேசிய இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் சராசரி வயது 60-ஐ ஒட்டியே இருக்கிறது. மேலை நாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் அதைவிட மூத்தவர்களுக்கு வருகிறது. நம்மிடம் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிற வயதிலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் நம் ஊர் நோயாளிகளும் ஆய்வுகளில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனாலேயே அவர்கள் விவரம் தெரிந்து சேர வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

இதற்கு ரீமேட்ச் ஆய்வைவிட நல்ல பாடம் இல்லை. மாற்று இதயம் பெற வாய்ப்பில்லாத 129 பேர். 68 பேருக்கு இடது கீழறைக்குத் துணையாக ஓர் இயந்திரப் பம்பு பொருத்தினார்கள், 61 பேருக்கு மருந்து மட்டும். அமெரிக்காவில் நடந்த இந்த ஆய்வு 2001-இல் வெளியானது. செய்தியில் வந்தது "உயிரிழப்பு அபாயம் 48 சதவீதம் குறைந்தது" என்பது.

இப்போது நூறு நூறு பேராக நினைத்துப் பாருங்கள். ஓராண்டு முடிவில் மருந்துக் குழுவில் 25 பேர் உயிரோடு இருக்கிறார்கள், பம்புக் குழுவில் 52 பேர். இரண்டாண்டு முடிவில் மருந்துக் குழுவில் 8 பேர், பம்புக் குழுவில் 23 பேர். பம்பு ஆயுளைக் கூட்டியது உண்மை. பம்பு வைத்தவர்களிலும் இரண்டாண்டில் முக்கால்வாசிப் பேர் இல்லை என்பதும் உண்மை. தொற்று, ரத்தக் கசிவு, இயந்திரப் பழுது போன்ற கடுமையான தொல்லைகள் பம்புக் குழுவில் 2.35 மடங்கு. 48 சதவீதம் என்ற ஒற்றை எண்ணுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து தாளில் நூறு புள்ளி வைத்து அடித்துக் காட்டுங்கள். படிக்காத பெரியவர்கள்கூட அப்போது தெளிவாகக் கேள்வி கேட்கிறார்கள்.

பம்புகள் அதன்பிறகு வெகுதூரம் வந்துவிட்டன. 1,028 பேரிடம் நடந்த மொமெண்டம் 3 ஆய்வில் (2019) காந்த விசையில் மிதந்து சுழலும் ஹார்ட்மேட் 3 பம்பை அதன் முந்தைய மாதிரியோடு ஒப்பிட்டார்கள். முடக்கும் பக்கவாதமும் பம்பை மாற்றும் அறுவையும் இல்லாமல் இரண்டாண்டு கடந்தவர்கள் புதியதில் நூற்றுக்கு 77 பேர், பழையதில் 65 பேர். பின்னர் 2023-இல் வந்த ஏரிஸ் ஆய்வு, இந்தப் பம்பு வைத்தவர்களுக்கு வழக்கமாகக் கொடுத்த ஆஸ்பிரினை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தது. ரத்தக் கசிவு குறைந்தது, உறைவுத் தொல்லை கூடவில்லை. ஒரு மாத்திரையை எடுத்துவிடச் சொல்லும் இத்தகைய ஆய்வுகள் எனக்கு மிகவும் பிடித்தவை.

பம்பு சார்ந்த ஆய்வு என்றால் வீட்டையும் பாருங்கள். வயிற்றிலிருந்து ஒரு வயர் வெளியே வரும். அந்தத் துளையை வாழ்நாள் முழுவதும் சுத்தமாகக் கட்டுப்போட ஒருவர் வேண்டும். பேட்டரிகளுக்கு மின்சாரம் வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரைக்காக அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். பம்பின் விலையை யார் ஏற்கிறார்கள், ஆய்வு முடிந்தபின் பேட்டரிக்கும் உதிரிப் பாகத்துக்கும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதிவு எண்ணும் படிவமும்

இந்தியாவில் 2009 ஜூன் முதல் எந்த மருந்து ஆய்வையும் ஆட்களைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். சி.டி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் ஒன்று இருக்கும். அதைக் கேட்டு, இணையத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். யார் நடத்துகிறார்கள், எந்தெந்த மருத்துவமனையில், யாரைச் சேர்ப்பார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும்.

எண் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். சிகிச்சைக்குப் பணம் கட்டச் சொன்னாலும் அப்படியே. ஒரு குடும்பம் நிலத்தை விற்று, ஸ்டெம் செல் ஊசிக்குப் பல லட்சம் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தது. அந்த இடத்தில் பதிவு எண்ணும் இல்லை, ஒப்புதல் படிவமும் இல்லை, ஒரு ரசீது மட்டும் இருந்தது. இதயச் செயலிழப்புக்கு ஸ்டெம் செல்லை ஆய்வுக்கு வெளியே விற்பதை நம் தேசிய வழிகாட்டு நெறிகள் அனுமதிப்பதில்லை. முறையாக நடந்த பெரிய ஆய்வான டிரீம்-எச்எஃப், 565 பேரைச் சேர்த்தும் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. அந்த வீட்டுப் பெரியவரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் முழுதும் வாசித்துக்காட்ட வேண்டும். 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள்படி, ஆய்வில் சேர்ந்தவருக்குப் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சை உண்டு, அது ஆய்வால் வந்தது என்றால் இழப்பீடும் உண்டு. வாரிசு பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விடாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்தான நகல் ஒன்று உங்கள் கைக்கு வர வேண்டும்.

முற்றிய நோயாளிகள் கட்டாயம் கேட்க வேண்டியவை சில உண்டு. இதில் சேர்ந்தால், மாற்று இதயத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் இடம் பாதிக்குமா? இப்போது எடுக்கும் எந்த மருந்தையாவது நிறுத்தச் சொல்வீர்களா? மாதம் எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு ரத்தம் எடுப்பீர்கள், பயணச் செலவு உண்டா? வலியும் மூச்சுத் திணறலும் கூடும்போது, வேதனையைத் தணிக்கும் ஆதரவு சிகிச்சைக் குழு பார்க்குமா? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். 150 முற்றிய நோயாளிகளிடம் நடந்த பால்-எச்எஃப் ஆய்வு (2017), வழக்கமான சிகிச்சையோடு ஆதரவு சிகிச்சையும் சேரும்போது வாழ்க்கைத் தரம் மேம்படுகிறது என்று காட்டியிருக்கிறது. அதைக் கேட்பதால் நம்பிக்கையைக் கைவிட்டதாகிவிடாது.

சேர்ந்தபின் வீட்டு வேலை எளியது, ஆனால் கறாரானது. தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்து எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அன்றே அழையுங்கள். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள், அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும். காலி அட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள், நாங்கள் எண்ண வேண்டும். சொந்த ஊரில் ஓர் இரவு சேர்க்கப்பட்டாலும் ஒருங்கிணைப்பாளருக்கு உடனே சொல்லுங்கள். அது நடந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் அதை அறிக்கையாக அனுப்ப வேண்டும். விடுமுறை நாளாயிற்றே என்று நீங்கள் காத்திருந்தால், மருந்தின் தீங்கு ஒன்று கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

ஆரணி அம்மா மூன்றாம் நாள் வந்தார். படிவத்தின் ஓரமெல்லாம் பென்சில் குறிகள். வெறும் மாவு மாத்திரை பற்றிய பதிலை அவரே கண்டுபிடித்திருந்தார்: நான்கு மருந்துகளும் எல்லோருக்கும் தொடரும், குலுக்கல் அதற்கு மேல் சேரும் ஐந்தாவதற்குத்தான். நெசவாளர் கையெழுத்துப் போட்டார். 19 மாதம் வந்துபோனார். அதன்பின் அந்த அம்மா மட்டும் ஒருநாள் மீதி அட்டைகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் எண்ணிக் கொடுத்தார்.

ஆய்வு முடிந்து, யாருக்கு எந்த மாத்திரை என்ற மறைப்பு நீக்கப்பட்டதும், எந்தக் குழுவில் இருந்தோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் சொல்லமாட்டார்கள். கேட்டுச் சொல்கிறேன் என்று அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் நானே அழைத்தேன். வெற்று மாத்திரைதான் அம்மா, என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தக் கணக்கில் அவரையும் சேர்த்து எண்ணினீர்களா, சிஸ்டர்?" என்று கேட்டார். எண்ணினோம் என்றேன். அதை ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொன்னார். மறுநாளே அனுப்பினேன்.