ரோகு செவுளில் ஒட்டு மரபணுக்களை அளப்பது எப்படி

ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியா தாக்கிய ரோகு மீனைப் பண்ணைக்காரர்கள் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள்: வயிறு ஊதியிருக்கும், செதில் சிலிர்த்திருக்கும், துடுப்படியில் ரத்தம் கட்டியிருக்கும். உடம்புக்குள்ளே ஒரு செல்லும் அடுத்த செல்லும் கைகோத்து நிற்கும் சுவர் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் காதெரின், கிளாடின், இன்டெக்ரின் என்ற ஒட்டுப் புரதங்களின் மரபணுக்கள் எவ்வளவு ஆர்.என்.ஏ. தருகின்றன என்று க்யூ.பி.சி.ஆர். முறையில் (பிரதி எடுத்துக்கொண்டே எண்ணும் முறை) அளக்கிறோம். மும்பை அந்தேரியில் என் மேசைக்கு வரும் தம்பி தங்கச்சிகளுக்கு வாய் வலிக்கச் சொல்வதை எழுதி வைக்கிறேன்.

விலங்கு நெறிக்குழு அனுமதி கைக்கு வராமல் தொட்டியில் மீனே விடாதீர்கள். கிருமி ஊசி போட்ட மீனுக்கு ஜோடி, பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசல் மட்டும் குத்திய மீன். ஊசி குத்தாத மீன் அல்ல. குத்துவதே ஒரு காயம்தானே. 6, 24, 72 மணி என்று எந்த நேரம் மாதிரி எடுத்தாலும் இரண்டு வகை மீனிலிருந்தும் எடுங்கள். ஆறு மீனை ஒரே குழாயில் போட்டு அரைத்தால், கணக்கில் அது ஒரு மீன்தான்.

கிராம்பு எண்ணெயில் மயக்கியதும் முதலில் வால் ரத்தக்குழாயிலிருந்து ரத்தத்தை உறிஞ்சுங்கள். அவசரத்தில் எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. மீனின் சிவப்பணுவில் உண்டு, ஆர்.என்.ஏ.வும் உண்டு. ரத்தம் ஊறிய செவுளை அரைத்தால் பாதி ரத்தத்தைத்தான் அளப்பீர்கள். பிறகு செவுள், மண்ணீரல், தலைச்சிறுநீரகம் (மீனில் ரத்த அணுக்கள் உண்டாகும் இடம்) எடுங்கள்.

துண்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் தடித்தால் ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் காக்கும் ஆர்.என்.ஏ. லேட்டர் கரைசல் உள்ளே ஊறாது. முதல் வருஷம் நான் செவுள் வளைவை அப்படியே முழுசாகப் போட்டேன். ஜெல்லில் பட்டை தெரியவில்லை, மஞ்சள் கரைத்துக் கொட்டியது போல் ஒரு இழுப்பு. சரியாக நறுக்கினால் அந்தக் கரைசல் உங்களைக் காப்பாற்றும். ஒரு ஜூலையில் பால்கரிலிருந்து திரும்பும்போது தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, லோக்கல் நாலசோபாராவிலேயே நின்றுவிட்டது. ராத்திரிதான் வீடு சேர்ந்தேன். ஐஸ் உருகிப்போனாலும் மாதிரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கரைசலில் அறை வெப்பத்திலேயே சில நாள் தாங்கும்.

அடுத்து ஒப்பீட்டு மரபணு, அதாவது மற்ற மரபணுக்களை அளக்க வைத்துக்கொள்ளும் மாறாத படி. பழக்கதோஷத்தில் எல்லோரும் பீட்டா ஆக்டினை எடுப்பார்கள். காதெரினின் உள்வால் கேட்டெனின் என்ற புரதம் வழியாகப் பிடித்துத் தொங்குவதே ஆக்டின் இழையைத்தான்! அளக்கிற படியே சுருங்கி விரிந்தால் நெல்லை எப்படி அளப்பது? இ.எஃப். ஒன்று ஆல்ஃபா, 18 எஸ் உட்பட மூன்று நான்கைச் சோதித்து, உங்கள் மீனில், உங்கள் திசுவில், எல்லா நேரத்திலும் அசையாமல் நிற்பது எது என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். எலும்பு மீன்களில் பல மரபணுக்கள் இரட்டைப் பிரதியாக இருப்பதால், பிரைமர் (பிரதி எடுப்பதைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) எந்தப் பிரதியில் ஒட்டுகிறது என்பதையும் சரிபாருங்கள். அதன் திறன் (சுற்றுக்குச் சுற்று பிரதி இரட்டிப்பதே 100 சதவீதம்) 90 முதல் 110 சதவீதத்துக்குள் வராமல், இரண்டு வகை மீனின் அளவையும் ஒப்பிட 2001இல் லிவாக்கும் ஷ்மிட்கனும் எழுதிய டெல்டா டெல்டா சி.டி. கணக்கைத் தொடாதீர்கள்.

கடைசிக் கண்ணி, எண் வந்த பிறகு. 24 மணியில் செவுளில் பீட்டா 2 இன்டெக்ரின் எகிறினால் 'மரபணு தூண்டப்பட்டது' என்று உடனே எழுதத் தோன்றும். அது வெள்ளணுக்கள் சுமந்து வரும் மரபணு. செவுள் செல் எதுவும் மாறாமல், வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து இறங்கினாலும் அதே எண்தான் வரும். காதெரின் குறைந்தாலும் அதே சந்தேகம்: மரபணு அடங்கியதா, மேல்தோல் செல்களே உரிந்து போயினவா? க்யூ.பி.சி.ஆர். மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. அதனால் மீனை அறுக்கும் அன்றைக்கே இடப்பக்கச் செவுளை ஆர்.என்.ஏ. லேட்டரிலும், நுண்ணோக்கியில் செல்களையே பார்க்க வலப்பக்கத்தை ஃபார்மலினிலும் போட்டு, இரண்டு குழாயிலும் ஒரே மீன் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். ஃபார்மலின் துண்டைப் பிறகு எத்தனாலுக்கு மாற்றும்போது பேனா மை கரைந்துவிடும்.