ரீ.பீ.என். ஏறும் நோயாளி: எதை முதலில் பார்ப்பது?

ரீ.பீ.என். என்பது குடலைத் தவிர்த்து, முழு ஊட்டத்தையும் நாளம் வழியாக ஏற்றுவது. அதன் பை பார்வைக்குப் பால் மாதிரி இருக்கும். "சாப்பாடு ஏறுது" என்று வீட்டாக்கள் சொல்வது சரிதான், ஆனால் தாதிக்கு அந்த நினைப்பு மட்டும் போதாது. இதயத்துக்குக் கிட்ட முனை நிற்கும் ஒரு குழாய் வழியாக, கிருமிக்கும் பிடித்தமான சீனியும் கொழுப்பும் நாள் முழுக்க ஏறிக்கொண்டிருக்கிறது. இன்றைக்குக் குறைந்த கலோரியை நாளைக்குச் சரிசெய்யலாம். குழாயில் புகுந்த காற்றும் கிருமியும் அப்படித் தவணை தராது. அதனால் கட்டிலடிக்குப் போனதும் முதலில் ஆள், அடுத்து குழாய், பிறகு சீனி, உப்புகள், நீர்க்கணக்கு. நிறையும் ஊட்டமும் கடைசியில்தான்.

ஆளைப் பார்க்க அரை நிமிடம் போதும். நடுக்கம், 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல், திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, தடுமாறிய பேச்சு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மற்ற வேலைகள் காத்திருக்கட்டும். பையும் முடிந்து பம் கத்துகிறது, ஆளும் நடுங்குகிறார் என்றால் புதுப் பையைக் கொழுவ ஓடவேண்டாம். வைத்தியரைக் கூப்பிடுங்கள். அன்ரிபயோற்றிக் தொடங்க முன்னம் குழாயிலிருந்தும் கைநாளத்திலிருந்தும், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்குக் குருதி எடுங்கள். அதுவரை சீனி இறங்காமலிருக்க, வைத்தியர் சொன்னபடி கைக்கனுலாவில் 10% டெக்ஸ்ரோஸ் ஓடட்டும்.

மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் குழாய் கழன்ற கையோடு வந்தால் காற்றுப் புகுந்திருக்கலாம். உடலுக்கு மிகக் கிட்டவுள்ள கிளாம்பை மூடி, இடப்பக்கமாகச் சரித்து, தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, ஒட்சிசன் கொடுத்துக்கொண்டே உதவிக்குக் கூப்பிடவேண்டும்.

இனிக் குழாய். புதிதாகப் போட்டதென்றால் முனை எங்கே நிற்கிறதென்று எக்ஸ்ரேயில் உறுதியாகும்வரை எதையும் ஏற்றக்கூடாது. கைநாளத்தில் ஏன் ஏற்றுவதில்லை? லீற்றருக்கு ஏறத்தாழ 900 மில்லிஒஸ்மோலுக்கு மேற்பட்ட செறிவை அந்தச் சிறு நாளம் தாங்காது. வீங்கிச் சிவந்து அடைத்துவிடும். குறைந்த செறிவுப் பைகளை மட்டும், சில நாட்களுக்குக் கையில் ஓடவிடலாம்.

உள்ளே தனித்தனி வழிகள் (லூமென்) உள்ள பல வாய்க் குழாயானால் ஒரு வாயை ரீ.பீ.என்னுக்கென்றே ஒதுக்குங்கள். அதில் மருந்து, குருதி, சேலைன் எதுவும் போகக்கூடாது. செவ்ரியாக்சோன் என்ற அன்ரிபயோற்றிக், பையிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்தால் படிவு விழும். அந்த வாயிலிருந்து வழமையான பரிசோதனைக்குக் குருதி எடுப்பதும் பிழை. சீனியும் பொற்றாசியமும் பொய்யாக உயர்ந்து காட்ட, அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து நோயாளிக்குத்தான். ஒவ்வொரு தொடுகைக்கும் முன் கை கழுவி, இணைப்பு வாயை அல்கஹோல் துடைப்பால் 15 வினாடி அழுத்தித் தேய்த்து, காயவிடவேண்டும். காய முன் குத்தினால் தேய்த்ததில் பாதிப் பயன் போய்விடும். குழாய் நுழையும் இடத்தை மூடும் ட்ரெசிங், உள்ளே தெரியும் ஒட்டுத்தாள் என்றால் 7 நாளுக்கொருமுறை, கோஸ் என்றால் 2 நாளுக்கொருமுறை. நனைந்தாலோ கழன்றாலோ அப்போதே மாற்றவேண்டும். கொழுப்புக் கலந்த பைக்கு 1.2 மைக்ரோன் வடி (ஃபில்ரர்). பையிலிருந்து வரும் செற்றும் வடியும் 24 மணித்தியாலத்துக்கொருமுறை மாறும்.

பையைக் கொழுவ முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சளாக எண்ணெய் பிரிந்து மேலே நின்றாலோ துகள் தெரிந்தாலோ திருப்பி அனுப்புங்கள். குலுக்கிச் சரிசெய்ய முயலவேண்டாம். கலந்து வந்த பை குளிரூட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். கொழுவ ஒரு மணித்தியாலத்துக்கு முன் வெளியே எடுத்தால் போதும். சீனி, புரதம், கொழுப்பு மூன்றும் தனித்தனி அறைகளில் வரும் மூன்றறைப் பைகளைப் பெட்டியில் போட்டிருக்கும் வெப்பநிலைக்கு மேல் வைக்கக்கூடாது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெக்கையில் யன்னலோரத் தட்டு அதற்கு ஏற்ற இடமல்ல. பம் எப்போதும் பிளக்கில் இருக்கட்டும். கரண்ட் நின்றால் பற்றரி எவ்வளவு நேரம் தாங்குமென்று முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

தொடக்கத்தில் 6 மணித்தியாலத்துக்கொருமுறை சீனி பாருங்கள். பெரும்பாலும் 140 முதல் 180 மி.கி./டெ.லீ. இலக்கு. அடிக்கடி நடக்கும் பிழை, பிந்தியதைப் பிடிக்கப் பார்ப்பது. இரவில் பம் மூன்று மணித்தியாலம் நின்றுவிட்டதென்று மணித்தியாலத்துக்கு 80 மி.லீ. வேகத்தை 120 ஆக்கினால் சீனி ஏறி, சிறுநீராக நீரை இழுத்துக்கொண்டு போகும். போனது போகட்டும்; எழுதிய வேகத்திலேயே ஓட்டுங்கள். பை முடிந்து அடுத்தது வரவில்லையென்றால், அதே வேகத்தில் 10% டெக்ஸ்ரோஸ்.

10 நாளுக்கு மேல் சரியாகச் சாப்பிடாதவர், மிக மெலிந்தவர், நாட்பட்ட குடிப்பழக்கமுள்ளவர் ஆகியோரிடம் முதல் மூன்று நாளும் பொஸ்பேற்று, பொற்றாசியம், மக்னீசியம் மூன்றையும் தினமும் பார்க்கவேண்டும். சீனி ஏறியதும் இன்சுலின் பொங்கி இவற்றைக் கலங்களுக்குள் தள்ளிவிடும். குருதியில் வற்றினால் இதயத்துடிப்புத் தடுமாறும், மூச்சுத் தசை தளரும். ஆகவே கிலோவுக்கு 10 கிலோகலோரிக்கு மேற்படாமல், 45 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 450, என்று தொடங்கி 4 முதல் 7 நாளில் உயர்த்துவார்கள். தயமின் (விற்றமின் பி1) பைக்கு முன்னமே போகவேண்டும். அது போடப்பட்டதா என்று சீட்டைப் பாருங்கள்; மறந்துபோவது அதுதான்.

நிறை தினமும் காலையில், அதே தராசில். ஒரு நாளில் ஒரு கிலோ ஏறினால் அது தசையல்ல, தண்ணீர். கால் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், ஸ்ரெதஸ்கோப்பால் நெஞ்சைக் கேளுங்கள்.

வாயால் சாப்பிடாதவருக்கும் வாய் நாறும், வறளும், வெடிக்கும். 2 முதல் 4 மணித்தியாலத்துக்கொருமுறை சுத்தம் செய்யுங்கள். "மிஸ், ஒரு வாய் இளநி குடுத்தா என்ன?" என்று உறவினர் கேட்பார்கள். குடல் ஓய்வில் இருக்கவேண்டியவருக்கு அது கேடு, அதிலுள்ள பொற்றாசியமும் கணக்கைக் குழப்பும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் நீங்கள் அந்தப்பக்கம் போனதும் கொடுத்துவிடுவார்கள்.

வாயாலோ மூக்குக் குழாயாலோ தேவையில் 60 சதவீதமளவு போகத் தொடங்கினால் நிறுத்துவது பற்றி வைத்தியர் முடிவெடுப்பார். வழமையாக வேகத்தைப் பாதியாக்கி 1 முதல் 2 மணித்தியாலம் ஓட்டி நிறுத்துவார்கள். நிறுத்தி அரை மணித்தியாலத்திலும் ஒரு மணித்தியாலத்திலும் சீனி பாருங்கள். இன்சுலின் பம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தால், ரீ.பீ.என்னை மூட முன் அதை என்ன செய்வதென்று கேட்டுக்கொள்ளுங்கள்.