வீல் நட்டு டைட் பண்றதுக்கு டார்க் ரெஞ்ச் எப்படி யூஸ் பண்ணணும்

டார்க் ரெஞ்ச்னா, எவ்ளோ முறுக்கு விசை (டார்க்) போடணும்னு அளவு செட் பண்ணி நட்ட டைட் பண்ற கருவி. பஞ்சர் கடையில ஏர் கன்ன வச்சு டர்ருன்னு அடிச்சு விட்டுடறாங்க, நம்மாளுங்க நிறைய பேரும் எவ்ளோ டைட்டோ அவ்ளோ சேஃப்டின்னு நினைக்கிறாங்க. அப்படி இல்லீங்க. நட்ட முறுக்கும்போது ஸ்டட் (நட்டு ஏறுற போல்ட்) லேசா இழுபடும், அந்த இழுவிசைதான் வீல ஹப்போட (வீல் மாட்டுற நடுப்பகுதி) சேர்த்து அழுத்திப் பிடிக்குது, அளவுக்கு மேல போனா ஸ்டட் நிரந்தரமா நீண்டு பலம் போயிடும், கம்மியா இருந்தா ஓட ஓட நட்டு தானா கழண்டுக்கும்.

அதனால மொதல்ல மேனுவல்ல உங்க வண்டிக்கான அளவப் பாருங்க. டொயோட்டா கார்கள் பலதுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டாவுல நிறைய மாடலுக்கு 108. ரெஞ்சுல பவுண்டு-அடி ஸ்கேலும் இருக்கும், கவனம், 103ஐ அந்தப் பக்கம் தெரியாம செட் பண்ணிட்டா கிட்டத்தட்ட 140 நியூட்டன் மீட்டர் ஏறிடும்.

வீல மாட்டுறதுக்கு முன்னாடி ஹப்புல துரு இருந்தா வயர் பிரஷ் போட்டு தேய்ச்சிடுங்க. மரையில ஆயில், கிரீஸ் எதுவும் தடவாதீங்க, வழவழன்னு இருந்தா அதே டார்க்குக்கு ஸ்டட் இன்னும் ஜாஸ்தி இழுபடும், மேனுவல்ல சொல்ற அளவு காஞ்ச மரைக்குத்தான். அலாய் வீல் மாத்தினவங்க நட்டோட அடியையும் பாத்துக்கோங்க, ஹோண்டா ஒரிஜினல் வீலுக்கு உருண்டையா வரும், வெளில வாங்குற அலாய்க்கு பெரும்பாலும் கூம்பு மாதிரி, ரெண்டையும் மாத்திப் போட்டா நட்டு முழுசா உக்காராது, அப்புறம் என்ன டார்க் வச்சும் பிரயோஜனம் இல்ல.

எல்லா நட்டையும் கையாலயே மரையில ஏத்துங்க, இது ரொம்ப முக்கியம், எடுத்ததுமே கன் வச்சா மரை மாறி ஏறி ஸ்டட்டே வீணாப் போயிடும். அப்புறம் ஸ்பேனரால லேசா டைட் வச்சு, டயர் தரையத் தொட்டு சுத்தாம நிக்கிற அளவுக்கு ஜாக்கிய இறக்கிட்டு டார்க் ரெஞ்ச எடுங்க. வரிசையாப் போகாதீங்க, 5 நட்டுன்னா நட்சத்திரம் போடுற மாதிரி, 4 நட்டுன்னா எதிரெதிரா. ஒரே மூச்சுல முழு அளவுக்குப் போகாம முதல் சுத்துல பாதி, அடுத்த சுத்துல முழுசு.

கைப்பிடிய நடுவுல பிடிச்சு நிதானமா இழுங்க, வெடுக்குன்னு இழுக்கக்கூடாது, பைப் சொருகவும் கூடாது. செட் பண்ண அளவு வந்து டக்குன்னு ஒரு சத்தம் கேட்டதும் நிறுத்திடணும். உறுதிக்கு இன்னும் ரெண்டு தடவ டக் டக்குன்னு அடிக்கிறவங்கள நிறையப் பாக்குறேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடத்தான் ஏறும், தயவுசெஞ்சு வேணாம்.

80-100 கிலோமீட்டர் ஓட்டினதும் வீல் சூடு ஆறினப்புறம் திரும்ப ஒரு தடவ செக் பண்ணுங்க, அலாய்னா இத கண்டிப்பா செய்யுங்க. டார்க் ரெஞ்ச வச்சு நட்டு கழட்டாதீங்க, அதுக்கு ஸ்பேனர் இருக்கு. வேலை முடிஞ்சதும் ஸ்கேல மினிமம் அளவுக்கு இறக்கி வச்சிடுங்க, இல்லன்னா உள்ள ஸ்பிரிங் அழுத்தத்துலயே இருந்து அளவு மாறிடும்.