விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து கேக்குறாங்களா? பொண்ணுங்க அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

அப்பா காரியம் முடிஞ்ச கையோட "ஒரே ஒரு கையெழுத்து தான்மா, பட்டா மாத்தணும்"னு சொல்லி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கொண்டு போய் உக்கார வைக்கிறது இன்னும் நடக்குது. எங்க சித்தியும் அப்படித்தான் படிச்சே பாக்காம போட்டாங்க, அது விடுதலைப் பத்திரம், அதாவது சொத்துல தன் பங்க விட்டுக் கொடுத்து எழுதுற பத்திரம்னு ரொம்ப நாள் கழிச்சு தான் தெரிஞ்சது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல. பட்டா மாத்த விடுதலைப் பத்திரம் தேவையே இல்லங்க, தாலுகா ஆபீஸ்ல வாரிசு சான்றிதழ் வாங்கி எல்லார் பேர்லயும் கூட்டுப் பட்டாவா மாத்திக்கலாம்.

முதல்ல அது என்ன சொத்துன்னு பாருங்க. அப்பா சுயமா சம்பாதிச்சதுன்னா அவர் யாருக்கு வேணா உயில் எழுதலாம், எழுதாம போயிட்டா இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன், மகள், அப்பாவப் பெத்த பாட்டி உயிரோட இருந்தா அவங்க, எல்லாருக்கும் சம பங்கு. (முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு சட்டம் வேற.) பூர்வீகம்னா மகளும் மகன் மாதிரியே பிறப்பால பங்குதாரர். தமிழ்நாட்டுல 1989லயே இது வந்துச்சு, ஆனா அப்பவே கல்யாணம் ஆனவங்கள விட்டுட்டாங்க, 2005 திருத்தம் தான் அவங்களையும் சேர்த்துச்சு. "அப்பா 2005க்கு முன்னாடியே போயிட்டாரே, உனக்கு கிடையாது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, 2020ல வினீதா சர்மா வழக்குல சுப்ரீம் கோர்ட் அத தெளிவாக்கிடுச்சு. ஆனா 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே பத்திரம் பதிஞ்சு பாகம் பிரிச்சிருந்தா அத இப்ப கிளற முடியாது. நகை போட்டோம் சீர் செஞ்சோம்னு சொல்றதால பங்கு போயிடாது.

அடுத்து ஈசி (வில்லங்கச் சான்றிதழ், அந்த சொத்துல என்னென்ன பத்திரம் பதிவாயிருக்குன்னு காட்டுறது) போட்டுப் பாருங்க, பதிவுத்துறை வெப்சைட்லயே ஊரும் சர்வே நம்பரும் வச்சு பாத்துக்கலாம். அப்பா உயிரோட இருக்கும்போதே யாருக்காவது செட்டில்மெண்ட் எழுதிருந்தா அதுல தெரிஞ்சிடும், உயில் மட்டும் ஈசில வராது, அத தனியா கேட்டு வாங்கிப் பாக்கணும்.

மனசார விட்டுக் கொடுக்கிறதா இருந்தா தாராளமா கொடுங்க, அது உங்க விருப்பம். ஆனா பத்திரத்தோட டிராஃப்ட முந்தின நாளே வீட்டுக்கு வாங்கி வரி வரியா படிங்க, குறிப்பா "இவ்வளவு தொகை ரொக்கமா பெற்றுக்கொண்டேன்"ங்கிற வரிய. வாங்காத காச வாங்கினேன்னு எழுதி கையெழுத்து போட்டா அப்புறம் இல்லன்னு நிரூபிக்கிறது பெரும்பாடு.

ஏமாத்தி ஏற்கனவே வாங்கிட்டாங்களா? பத்திரத்த ரத்து பண்ண விஷயம் தெரிஞ்சதுலேந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், சொந்தக்காரங்க பேசி முடிச்சுக்கலாம்னு இழுத்துட்டே போனா அந்த டைம் ஓடிடும். வக்கீலுக்கு காசில்லன்னு நிக்காதீங்க, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, ஜில்லா கோர்ட்லயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, நேர்ல போக முடியலன்னா 15100க்கு போன் பண்ணுங்க.