50 வயதைக் கடந்தவர்கள் முகத்துக்குப் பவுடர் பூசும்போது

கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலான உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் தை, மாசி மாதங்களில் வீசும் குளிர்காற்று, மாதவிடாய் நின்ற பின்னர் எண்ணெய்ச் சுரப்புக் குறைந்துவிட்ட தோலை மேலும் உலர்த்திவிடுகிறது. அத்தகைய முகத்தில் இளவயதில் செய்தது போலப் பவுடரை அப்பினால், அது கண்ணோரச் சுருக்கங்களிலும் வாயோரக் கோடுகளிலும் திட்டுத் திட்டாகப் படிந்து, இல்லாத வயதையும் கூட்டிக் காட்டும்.

ஆகவே முகம் கழுவித் துடைத்ததும், ஈரம் முற்றாகக் காயுமுன்பே ஈரப்பதமூட்டும் கிறீம் பூசி, தோல் அதனை உறிஞ்சிக்கொள்ளச் சில நிமிடங்கள் விட வேண்டும்; பிசுபிசுப்பு மிஞ்சினால் டிஷ்யூவால் ஒற்றி எடுக்கலாம், ஏனெனில் ஈரக் கிறீமின் மீது விழும் பவுடர் கட்டிபட்டுவிடும். பின்னர் மிக நுண்ணிய தூளை மென்மையான பிரஷில் தொட்டு, அதன் காம்பைப் புறங்கையில் தட்டி மிகுதியை உதிர்த்துவிட்டு, நெற்றியின் நடுப்பகுதி, மூக்கு, மோவாய் ஆகிய இடங்களில் மட்டும், தேய்க்காமல், மெல்ல அழுத்தி ஒற்ற வேண்டும். கண்ணுக்குக் கீழே பவுடரே வேண்டாம் என்பது என் கருத்து; கட்டாயம் பூசத்தான் வேண்டுமென்றால், கோடுகள் விரிந்திருக்கும்படி மேல்நோக்கிப் பார்த்தவாறு மிகச் சிறிதளவே ஒற்றுங்கள்.

மினுமினுப்புச் சேர்ந்த பவுடர், கலியாண வீட்டு வெளிச்சத்தில் சுருக்கத்தைத்தான் முதலில் காட்டும்.

உயரம் கூடக்கூடப் புறஊதாக் கதிர்வீச்சும் கூடுவதால், மூடுபனி நாளிலும் பவுடருக்கு அடியில் சன்ஸ்கிறீன் இருப்பது அவசியம். பவுடர் டப்பாவில், வெயிலிலிருந்து காக்கும் அளவைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். 15 என்று அச்சிட்டிருந்தாலும், நாம் பூசும் மெல்லிய படலத்தில் அந்தளவு பாதுகாப்புக் கிடைப்பதில்லை.